சாலைத் தெருவுக்கு வராத திரைப்படங்கள்

டிசம்பர் நெருங்கும்போது திருவனந்தபுரத்தில் ஒரு வகைப் பட்டியல் கைமாறத் தொடங்கும். கேரளப் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் தவறவிடக் கூடாத படங்கள், ராட்டர்டாமிலிருந்தும் லொகார்னோவிலிருந்தும் வரவிருப்பவை, இன்னும் எங்கும் வெளிவராத தமிழ், மலையாளச் சுயாதீனப் படங்கள் எனப் பல பிரிவுகள் அதில் இருக்கும். வலியசாலையில் வாழும் தமிழ் ரசிகர் ஒருவருக்கு இந்தப் பட்டியல் இரட்டிப்பு முக்கியத்துவம் உடையது. தமிழில் எடுக்கப்பட்ட ஒரு மாற்றுப் படத்தைப் பெரிய திரையில் காண அவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு பெரும்பாலும் அந்த ஒரு வாரம் மட்டுமே. உச்ச நட்சத்திரத்தின் படம் சென்னையில் வெளியாகும் அதே நாளில் தம்பானூரிலும் வெளியாகிறது. ஒரு கிராமத்து மனிதரின் ஒரு நாள் வாழ்க்கையைச் சொல்லும் தமிழ்ப் படமோ ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு, வந்தால் வரும்.

இந்த ஏக்கத்தையும் எதிர்பார்ப்பையும் திரைப்பண்பாட்டின் உயிர்ப்புக்கு அடையாளமாகக் கொண்டாடுவது நம் அறிவுலகின் வழக்கம். அந்தக் கொண்டாட்டம் பிழையானது. ஆண்டு முழுவதும் காத்திருந்து எட்டு நாட்கள் பார்ப்பது ஒரு பண்பாட்டின் வெற்றி ஆகாது. மீதமுள்ள நாட்களில் அப்படங்களுக்குத் திரை மறுக்கப்படுகிறது என்பதையே அது காட்டுகிறது. மாற்றுப் படத்தின் ரசிகர் இன்று அதன் பார்வையாளராக நடத்தப்படவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை அழைக்கப்படும் விருந்தினராகவே நடத்தப்படுகிறார். வருத்தத்துக்குரியது, அவரும் அதற்கு உடன்பட்டுவிட்டார் என்பதே.

திருவனந்தபுரத்தை முன்வைத்து இதைப் பேசக் காரணம் உண்டு. இந்தியாவில் காத்திருப்பு மிகக் குறைவாக இருக்க வேண்டிய நகரம் ஒன்று உண்டெனில் அது இதுதான். 1965இல் அடூர் கோபாலகிருஷ்ணன், குளத்தூர் பாஸ்கரன் நாயர் முதலியோர் சித்திரலேகா திரைப்படச் சங்கத்தை இங்கேதான் தொடங்கினர். 1975இல் கேரள மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் உருவானது. திருவல்லத்தில் அதன் சித்ராஞ்சலி படப்பிடிப்பு நிலையம் இருக்கிறது. தம்பானூரில் கைரளி, ஸ்ரீ, நிளா என மூன்று அரங்குகள் அரசின் கையில் உள்ளன. வலியசாலையிலிருந்து நடந்தே போய்விடலாம். 1998இல் மாநிலச் சலச்சித்திர அகாதெமி நிறுவப்பட்டது. அது நடத்தும் பன்னாட்டு விழா 2025இல் 30ஆம் பதிப்பை எட்டியது. 2024 மார்ச்சில் இந்தியாவிலேயே ஒரு மாநில அரசு நடத்தும் முதல் இணையத் திரைத்தளமாக ‘சி ஸ்பேஸ்’ தொடங்கப்பட்டது. படம் எடுக்கப் பணம், படப்பிடிப்பு நிலையம், அரங்குகள், விழா, இணையத்தளம் ஆகிய அனைத்தும் பொதுத்துறையில் இருக்கும் வேறொரு நகரத்தை இந்தியாவில் காண்பது அரிது. இத்தனையும் இருந்தும் விழா முடிந்த மறுவாரம் அதே படங்களுக்கு அதே நகரில் இடமில்லை என்றால், குறை வசதியில் இல்லை.

அண்மை ஆண்டுகளின் சில படங்களை வைத்துக் காத்திருப்பின் நீளத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021 பிப்ரவரியில் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது பெற்றது. அதே ஆண்டு ஆஸ்கருக்கான இந்தியாவின் அதிகாரப்பூர்வப் பரிந்துரையாகவும் தேர்வானது. தமிழ்நாட்டுப் பார்வையாளர் அதைக் கண்டது 2023 அக்டோபரில், அதுவும் சோனி லிவ் தளத்தில். திலீப்குமாரின் சிறுகதையை அடிப்படையாகக் கொண்டு அருண் கார்த்திக் இயக்கிய ‘நசீர்’ 2020இல் ராட்டர்டாமில் நெட்பேக் விருது பெற்றது. கோயம்புத்தூரின் ஒரு துணிக்கடை ஊழியரின் கதையை அந்த ஊர் மக்கள் திரையரங்கில் பார்க்க வழி ஏற்படவே இல்லை. வினோத்ராஜின் அடுத்த படமான ‘கொட்டுக்காளி’ 2024 பிப்ரவரியில் பெர்லினில் திரையிடப்பட்டு ஆகஸ்ட் 23ஆம் நாள் திரையரங்குகளுக்கு வந்தது. பாயல் கபாடியாவின் ‘ஆல் வி இமேஜின் அஸ் லைட்’ மே மாதம் கான் விழாவின் கிராண்ட் பிரி விருதைப் பெற்று, செப்டம்பரில் கேரள அரங்குகளில் வெளியானது. ஃபாசில் முகம்மதுவின் ‘ஃபெமினிச்சி ஃபாத்திமா’ 2024 டிசம்பரில் திருவனந்தபுரம் விழாவின் பார்வையாளர் விருதைப் பெற்று 2025 அக்டோபரில் அரங்குகளை அடைந்தது.

நான்கு மாதம், ஆறு மாதம், பத்து மாதம், இரண்டரை ஆண்டுக்கும் மேல், ஒருபோதும் இல்லை. இந்த வேறுபாட்டைப் படங்களின் தரத்தைக் கொண்டோ கடினத்தன்மையைக் கொண்டோ விளக்க முடியாது. ‘கொட்டுக்காளி’ ‘கூழாங்கல்’லைவிட எளிய படம் அன்று. ஒன்றை அரங்குக்குக் கொண்டுவரும் பொறுப்பை ஒருவர் ஏற்றார். மற்றொன்றுக்கு அப்படி எவரும் ஏற்கவில்லை. காத்திருப்பின் நீளம் கலையின் இயல்பினால் நிர்ணயிக்கப்படுவதில்லை. விநியோகம் என்னும் தொழில்முடிவு அதை நிர்ணயிக்கிறது. தொழில்முடிவை மாற்ற முடியும். அதனால்தான் இது விவாதத்துக்குரிய பொருளாகிறது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மறுப்பு ஒன்று உண்டு. ‘இவை விழாப் படங்கள், சாதாரண மக்கள் இவற்றை விரும்புவதில்லை, திரையரங்குக்குக் கொண்டுவந்தால் அவர்களும் ஏமாறுவார்கள், படத்துக்கும் கெட்ட பெயர்’ என்பது அது. ‘கொட்டுக்காளி’ வெளியானபோது தமிழ்த் திரையுலகின் உள்ளிருந்தே இத்தகைய குரல்கள் எழுந்தன. இதை வணிகர் சொன்னால் புரிந்துகொள்ளலாம். மாற்றுப் படத்தை நேசிப்பதாகச் சொல்பவரும் தலையசைப்பதுதான் வியப்பு. ‘எல்லோருக்கும் இது புரியாது’ என்ற வாக்கியத்தில் ஒரு சிறிய இன்பம் ஒளிந்திருக்கிறது; புரிந்துகொண்ட சிலரில் தானும் ஒருவர் என்ற இன்பம்.

இந்த மறுப்புக்கு வரலாறு ஏற்கெனவே விடை சொல்லியிருக்கிறது. அடூரின் ‘சுயம்வரம்’ 1972இல் முதன்முறை வெளியானபோது அரங்குகள் நிறையவில்லை. சிறந்த படம், சிறந்த இயக்குநர் உள்ளிட்ட தேசிய விருதுகள் கிடைத்தபின் மீண்டும் வெளியிடப்பட்டு, முன்னைவிட நல்ல வரவேற்பைப் பெற்றது. இரு வெளியீடுகளுக்கும் இடையே படத்தில் ஒரு சட்டகமும் மாறவில்லை. மக்களின் அறிவும் சில மாதங்களில் உயர்ந்துவிடவில்லை. படத்தைப் பற்றிய பேச்சு பரவியிருந்தது; பார்ப்பதற்கு இரண்டாவது வாய்ப்பும் கிடைத்தது. இன்று ஒரு சிறிய படத்துக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு கிடைப்பதில்லை. வசதியற்ற நேரத்தில் ஒரு காட்சி, மூன்று நாட்களில் தூக்கல், பிறகு ‘மக்கள் ஆதரிக்கவில்லை’ என்ற தீர்ப்பு. விசாரணை நடத்தாமல் வழங்கப்படும் தீர்ப்பு இது.

கொரிய இயக்குநர் கிம் கி டுக் 2013இல் திருவனந்தபுரம் விழாவுக்கு வந்தபோது அவரைச் சூழ்ந்த கூட்டத்தை இந்த நகரம் மறந்திருக்காது. அவருடைய படங்கள் வணிக அரங்குகளின் வழியாக இங்கே வந்தவை அல்ல. விழாக்கள், திரைப்படச் சங்கங்கள், கைமாறிய குறுந்தட்டுகள் ஆகியவற்றின் வழியே பரவியவை. ‘எம்சோன்’ என்ற தன்னார்வக் குழு 2012 முதல் உலகப் படங்களுக்கு மலையாள வசன வரிகளை ஊதியமின்றி எழுதி வருகிறது. அந்த உழைப்பால் ஆங்கிலம் வாசிக்கத் தயங்கும் ஆயிரக்கணக்கானோர் ஈரானிய, துருக்கியப் படங்களைக் கண்டனர். பார்வையாளர் பிறப்பதில்லை, உருவாக்கப்படுகிறார் என்பதற்கு இந்த ஊரிலேயே சான்று இருக்கிறது. சங்கங்களும் தன்னார்வலர்களும் செய்து காட்டியதை அரசின் மூன்று அரங்குகள் ஏன் ஆண்டு முழுவதும் செய்யக் கூடாது?

இங்கே வர்க்கத்தைப் பற்றிப் பேசாமல் கடந்து செல்ல முடியாது. வலியசாலைக்கு அடுத்து இருப்பது சாலைக் கடைத்தெரு. சுமை தூக்குவோர், பாத்திரக் கடைக்காரர், பலசரக்கு வணிகர், தமிழும் மலையாளமும் கலந்து பேசுவோர் நிறைந்த தெரு அது. திரைப்பண்பாட்டைப் பற்றிய உரையாடல்களில் இத்தகைய தெரு எப்போதும் எதிர்க்காட்டாகவே வருகிறது: கலைப்படம் புரியாத கூட்டத்தின் இருப்பிடமாக. ஆனால் திருவனந்தபுரம் தமிழ் இலக்கியத்துக்கு அளித்த மிக முக்கியமான எழுத்துகளுள் ஒரு பகுதி அந்தத் தெருவின் பாத்திரக் கடையிலிருந்தே பிறந்தது. ஆ. மாதவன் அங்கே வணிகம் செய்துகொண்டே ‘கடைத்தெருக் கதைகள்’ எழுதினார். அவருடைய கதைமாந்தர் சுமைகூலிகளும் சில்லறைத் திருடரும் நாதியற்றோரும். இன்று விழாவில் கைதட்டல் பெறும் சுயாதீனப் படங்கள் தேடி அலையும் மனிதர்கள் இவர்களே. திரையில் அவர்களைக் காண ஆர்வத்தோடு காத்திருக்கும் ரசிகர், அரங்கில் பக்கத்து இருக்கையில் அவர்களை எதிர்பார்ப்பதில்லை. டெலிகேட் அட்டை, கைப்பேசிச் செயலியில் முன்பதிவு, வேலைநாளின் பகற்காட்சிகள், பெரும்பாலும் ஆங்கில வசன வரிகள் என்ற நான்கு வேலிகளுக்குள் நடக்கும் விழாவில் சாலைத் தெருவின் சுமைதூக்கும் தொழிலாளி எப்படி நுழைவார்? நுழைய முடியாதவரை ஆர்வமில்லாதவர் என்று சொல்வது நேர்மை அன்று.

ஜான் ஆபிரகாமின் பயணம் இதற்கு நேர் எதிரானது. அவர் 1977இல் தமிழில் இயக்கிய ‘அக்ரஹாரத்தில் கழுதை’, வெங்கட் சாமிநாதன் எழுதிய திரைக்கதை. தமிழின் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. அதனைத் தூர்தர்ஷன் ஒளிபரப்புவதாக அறிவித்துப் பின்வாங்கியது. அக்கிரகாரத்தைப் பற்றிய அந்தப் படம், வலியசாலை போன்ற அக்கிரகாரத் தெருக்களில் வாழ்ந்த தலைமுறையினர் கண்டு சினந்திருக்க வேண்டியது, விவாதித்திருக்க வேண்டியது, சிலரேனும் வெட்கியிருக்க வேண்டியது. அவர்களுக்கு அந்த வாய்ப்பு தரப்படவில்லை. படம் ஆய்வுக் கட்டுரைகளுக்குள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. விருதும் அடக்குமுறையும் சேர்ந்தே ஒரு படத்தை மக்களிடமிருந்து அப்புறப்படுத்த முடியும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு. அந்தப் பாடத்தைக் கற்றவராகவே ஜான் பின்னர் ‘ஒடேசா’ கூட்டமைப்பை உருவாக்கினார் எனலாம். ஊர் ஊராகச் சாப்ளின் படத்தைத் திரையிட்டு, மக்களிடம் சிறு தொகைகளாகப் பணம் திரட்டி, 1986இல் ‘அம்மா அறியான்’ எடுத்தார்கள். அதை மக்களிடமே கொண்டுபோய்க் காட்டினார்கள். அங்கே ரசிகர் காத்திருக்கவில்லை. படத்தின் தொடக்கத்திலேயே அவர் பங்காளி.

2025 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் நடந்த கேரளத் திரைக்கொள்கை மாநாட்டின் நிறைவு நாளில் எழுந்த சர்ச்சையையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பெண் இயக்குநர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கும் கேரள அரசு ஒரு படத்துக்கு ரூ. 1.5 கோடி வரை வழங்குகிறது. அந்தத் தொகையைக் குறைத்துப் பலருக்குப் பகிரலாம் என்றும், பெறுவோருக்குத் தீவிரப் பயிற்சி தேவை என்றும் அடூர் கோபாலகிருஷ்ணன் பேசினார். அரங்கிலேயே பாடகி புஷ்பவதி எதிர்ப்புத் தெரிவித்தார். அடூரின் சாதனை எவராலும் மறுக்க முடியாதது. அந்தச் சாதனையின் பின்னணியும் மறக்க முடியாதது: அவர் பயின்றது பொதுப்பணத்தில் இயங்கிய புனே திரைப்பட நிறுவனத்தில், ‘சுயம்வரம்’ உருவானது அரசின் திரைப்பட நிதிக் கழகம் அளித்த கடனுதவியோடு. பொதுப்பணம் அன்று ஓர் அறிமுக இயக்குநர் மீது நம்பிக்கை வைத்தது. அந்த நம்பிக்கை இன்று வேறு சமூகப் பின்னணியிலிருந்து வருவோர் மீது வைக்கப்படும்போது மட்டும் தகுதி பற்றிய ஐயம் முன்னால் வந்து நிற்பது நியாயமன்று.

அந்தச் சர்ச்சையில் இரு தரப்பும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. விவாதம் முழுவதும் படம் எடுப்பதைச் சுற்றியே நடந்தது. எடுத்த படம் எத்தனை நாள், எந்த அரங்கில், எந்த நேரத்தில் காட்டப்படும் என்பது விவாதத்தின் மையத்துக்கு வரவில்லை. ஸ்ருதி சரண்யம் இயக்கிய ‘பி 32 முதல் 44 வரை’ (2023) போன்ற, அந்தத் திட்டத்தில் விளைந்த படங்கள் பெண்ணுடல் குறித்து மலையாளத் திரை பேசத் தயங்கியதைப் பேசின. அப்படங்களைப் பார்க்காமலேயே அவற்றின் தகுதியைப் பற்றிக் கருத்துச் சொல்ல முடிந்ததென்றால், பார்ப்பதற்கான வழி போதுமான அளவு திறக்கப்படவில்லை என்பதே பொருள்.

தமிழ்நாட்டின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. சித்திரலேகா தொடங்கப்பட்ட அதே 1965இல் ஜெயகாந்தன் தன் கதையைத் தானே ‘உன்னைப்போல் ஒருவன்’ என்று படமாக்கினார். குடியரசுத் தலைவரின் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. முறையான வெளியீடு கிடைக்கவில்லை. ஒரே ஆண்டில் இரு மொழிகளில் இரு முயற்சிகள். கேரளத்தில் அது சங்கமாகத் தொடங்கித் தயாரிப்பு, விநியோகம், படப்பிடிப்பு நிலையம் என நிறுவனமாக வளர்ந்தது. தமிழில் அது ஓர் எழுத்தாளரின் தனிப்பட்ட துணிச்சலாகவே எஞ்சியது. அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் தமிழ்ச் சுயாதீனப் படம் தனிமனிதத் துணிச்சலையே நம்பி நிற்கிறது. ‘மேற்குத் தொடர்ச்சி மலை’க்கு (2018) விஜய் சேதுபதி, ‘கொட்டுக்காளி’க்குச் சிவகார்த்திகேயன் என ஒரு நடிகரின் நல்லெண்ணம் தேவைப்படுகிறது. நல்லெண்ணம் பாராட்டத்தக்கது, அது கொள்கைக்கு மாற்றாகாது. பெருமாள்முருகனின் கதையைத் தழுவிய ‘அங்கம்மாள்’ தமிழ்ப் படத்தை எடுத்தவர் விபின் ராதாகிருஷ்ணன் என்ற மலையாளி. 2024 விழாவில் அதைத் திருவனந்தபுரத்துப் பார்வையாளர் தமிழ்நாட்டினருக்கு முன்பே பார்த்தனர். வலியசாலைத் தமிழருக்கு இது மகிழ்ச்சி தரலாம். தமிழ்நாட்டின் திரைக்கொள்கைக்கு இது தலைகுனிவு.

‘இணையத்தளங்கள் வந்துவிட்டன, இனி அரங்கைப் பற்றி ஏன் கவலை?’ என்பது மற்றொரு மறுப்பு. தனியார் தளங்களில் ஒரு சிறிய படம் வெளியாவது நூலகத்தின் அடித்தளத்தில் ஒரு நூலை வைப்பதற்கு ஒப்பானது. தேடுபவருக்குக் கிடைக்கும், ஆனால் தேடுவதற்கு முதலில் பெயர் தெரிய வேண்டும். மாதக் கட்டணம் செலுத்தாமல் பார்க்கும் படத்துக்கு மட்டும் பணம் செலுத்தும் முறையைச் ‘சி ஸ்பேஸ்’ கொண்டுவந்தது சரியான அடி. எனினும் பத்துப் பேர் ஒன்றாக அமர்ந்து பார்த்து, வெளியே வந்து தேநீர்க் கடையில் வாதிடும் அனுபவத்தை எந்தக் கைப்பேசியும் தராது. திரைப்படச் சங்க இயக்கம் அந்த வாதத்தினால்தான் வளர்ந்தது.

காத்திருப்பையே இயல்பாக ஏற்றுக்கொண்ட சமூகத்தில் அதிகாரத்தின் வேலை எளிதாகிவிடும் என்பதையும் சேர்த்துச் சிந்திக்க வேண்டும். 2017இல் கோவா விழாவின் இந்தியன் பனோரமா பிரிவுக்கு நடுவர் குழு தேர்ந்தெடுத்த சனல்குமார் சசிதரனின் ‘எஸ் துர்கா’வை ஒன்றியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் நீக்கியது, குழுத் தலைவர் சுஜோய் கோஷ் பதவி விலகினார். 2025 டிசம்பரில் திருவனந்தபுரம் விழாவின் 19 படங்களுக்குத் தணிக்கை விலக்கு மறுக்கப்பட்டுத் திரையிடல்கள் தடைபட்டன; அவற்றில் நூறாண்டு நிறைந்த ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’ ஒன்று. எட்டு நாட்களும் ஒரே இடமும் மட்டுமே வாய்ப்பு என்றால், அந்த ஓர் இடத்தின் கதவைச் சாத்தினால் போதும், படம் இல்லாமலாகிவிடும். ஆண்டு முழுவதும் பல ஊர்களில் பல திரைகளில் பரவிக் கிடக்கும் படப்பண்பாட்டை ஒரு கடிதத்தால் நிறுத்துவது அவ்வளவு எளிதன்று. பரவலான திரையிடல் அழகியல் கோரிக்கை மட்டுமன்று, கருத்துரிமைக்கான காப்பும் ஆகும்.

கல்விப்புலத்துக்கும் இதில் பொறுப்பு உண்டு. மாற்றுப் படங்களைப் பற்றிய கருத்தரங்குகள் பெருகியுள்ளன. பார்வையாளரே இல்லாத படங்களின் ‘பார்வையாளர் ஏற்பு’ பற்றிக்கூட ஆய்வேடு எழுதிவிட முடிகிறது. ஒவ்வொரு கல்லூரியிலும் கலையரங்கும் ஒளிவீழ்த்தியும் இருக்கின்றன. உரிமைக் கட்டணம் செலுத்தி, இயக்குநரை அழைத்து, வாயிற்கதவைத் தெருவினருக்கும் திறந்துவைத்து மாதம் ஒரு படம் காட்டும் துறைகள் எத்தனை? படத்தைப் பற்றிப் பேசும் உரிமையை மட்டும் வைத்துக்கொண்டு, அதைக் காட்டும் கடமையை விழாக் குழுவிடம் விட்டுவிடுவது சுகமான ஏற்பாடு. அந்தச் சுகத்தின் விலையை இயக்குநரே செலுத்துகிறார். முதல் படத்தின் கடன் தீராமல் இரண்டாவது படத்தை அவரால் எடுக்க முடிவதில்லை. ரசிகர் ஆவலோடு எதிர்பார்க்கும் அந்த ‘அடுத்த படம்’ வராமல் போவதற்கு, முந்தைய படத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்கும் வாய்ப்பு அவருக்கே கிடைக்காததும் ஒரு காரணம்.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவானவை. கைரளி, ஸ்ரீ, நிளா அரங்குகளில் ஒரு திரையேனும் ஆண்டு முழுவதும், மாலைக் காட்சி உட்பட, சுயாதீனப் படங்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும். ஒரு படத்துக்குக் குறைந்தது இரண்டு வாரம் உறுதி செய்யப்பட வேண்டும். அரசு நிதி பெறும் ஒவ்வொரு படத்துக்கும் தயாரிப்புத் தொகையோடு வெளியீட்டுத் தொகையும் சேர்த்தே அளிக்கப்பட வேண்டும். விழாவில் காட்டப்படும் வெளிமொழிப் படங்களுக்கு மலையாள வசன வரிகள் விதியாக வேண்டும். தமிழர் வாழும் பகுதிகளின் திரையிடல்களில் தமிழும் இடம்பெற வேண்டும். தமிழ்நாடு அரசு, படம் முடிந்தபின் தரும் மானியத்தோடு நின்றுவிடாமல், அரங்குகளைத் தன் பொறுப்பில் ஏற்க வேண்டும். திரைப்படச் சங்கங்கள் விழாவின் நிழலிலிருந்து வெளியேறித் தெருக்களுக்குத் திரும்ப வேண்டும். வலியசாலையின் ஒரு மண்டபமும் சாலைத் தெருவின் ஒரு தொழிற்சங்க அலுவலகமும் அதற்குப் போதும்.

இவற்றைக் கேட்க வேண்டியவர் ரசிகர். வரவிருக்கும் படங்களின் பட்டியலை அவர் தொடர்ந்து தயாரிக்கட்டும், அதில் தவறில்லை. அந்தப் பட்டியலின் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, இது எந்த அரங்கில் எந்த நாளில் வரும் என்ற கேள்வியையும் எழுதி, அகாதெமிக்கும் வளர்ச்சிக் கழகத்துக்கும் இரு மாநில அரசுகளுக்கும் அவர் அனுப்பத் தொடங்கட்டும். பதில் வரும்வரை கேட்கட்டும்.